கணக்குப்பிள்ளையின் கிடார்

கிடார் வாசிக்கத் தெரியாத ஒரு கணக்குப்பிள்ளைதான் உலகத்தை ஆட்டி வைத்த இரண்டு எலெக்ட்ரிக் கிடார்களைச் செய்தார் என்று சொன்னால், பி.காம். படித்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். நான் உட்கார்ந்தேன்.

பெயர் லியோ ஃபெண்டர். 1909-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். காலேஜில் படித்தது அக்கவுண்ட்டன்சி. பார்த்ததும் கணக்கு எழுதும் வேலைதான். அமெரிக்காவில் மகா மந்தம் வந்தபோது வேலை போயிற்று. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். நம்ம ஊரில் வேலை போனால் டீக்கடை, ஜெராக்ஸ் கடை. அந்தக் காலத்து அமெரிக்காவில் ரேடியோ கடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்கு வந்த பாட்டுக்காரர்களின் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் செய்யப் போய், கடைசியில் கிடாரிலேயே கை வைத்தார். அதுவரை கிடார் என்றால் பெரும்பாலும் வயிறு உள்ளே காலியாக இருக்கும். மரத்தை வளைத்து, இழைத்து, ஒட்டிச் செய்ய வேண்டும். ஆசாரி வேலை. இவர் ஒரு ரிப்பேர்காரனின் புத்தியோடு யோசித்தார். உடம்புக்கு ஒரு கெட்டிப் பலகை போதும். அதில் தேவையான இடத்தில் பள்ளம், தேவையான இடத்தில் துளை. கழுத்தை ஒட்டுவானேன்? நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கு. கெட்டுப் போனால் கழற்று, வேறு மாட்டு. 1950-ல் 'பிராட்காஸ்டர்' என்று வந்தது, 1951-ல் 'டெலிகாஸ்டர்' ஆயிற்று. 1954-ல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்'. 1969-ல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கதற வைத்தது இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில்தான். 1965-ல் லியோ தன் கம்பெனியை 13 மில்லியன் டாலருக்கு விற்றார். டெபிட் எது, கிரெடிட் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? பலகையில் பள்ளம் தோண்ட எவனாலும் முடியும். ஒரே மாதிரி ஆயிரம் பலகையில், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் தோண்டுவதுதான் கஷ்டம். அதற்கு லியோவின் பட்டறை நம்பியது சங்கீத ஞானத்தை அல்ல. 'ஜிக்' என்று ஒரு சாமான்.

* * *

ஜிக் என்றால் என்ன? நீங்கள் சின்ன வயதிலேயே அதை உபயோகித்திருக்கிறீர்கள். கோடு போடாத வெள்ளைத் தாளில் கடுதாசி எழுதும்போது அடியில் ஒரு கோடு போட்ட தாளை வைத்து, மேலே தெரியும் நிழலைப் பிடித்துக்கொண்டே எழுதியிருப்பீர்கள். அந்த அடித்தாள்தான் ஜிக். வரி தெற்கு நோக்கிச் சரியாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் கையெழுத்தை அழகாக்காது. நேராக்கும்.

கொத்தனார் இரண்டு ஆணிக்கு நடுவே கட்டும் நூல், தையற்காரர் துணிமேல் வைத்து சாக்பீஸ் ஓட்டும் அட்டை, மிட்டாய்க் கடையில் மைசூர்பாகு வெட்டும்போது ஓரமாகப் பிடிக்கும் பட்டைக் கம்பி எல்லாமே இந்த வம்சம்தான். தொழிற்சாலையில் இன்னும் கொஞ்சம் கறாராகச் சொல்வார்கள். வேலைப் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்வது ஃபிக்சர். பிடித்துக்கொண்டு, 'இதோ, இந்த வழியாகப் போ' என்று உளிக்கோ டிரில்லுக்கோ வழியும் காட்டுவது ஜிக். ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர் படிப்பில் 'ஜிக்ஸ் அண்ட் ஃபிக்சர்ஸ்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. முதல் முதலில் கேட்டவன் காதில் 'பிக்சர்' என்று விழுந்து, சினிமா சம்பந்தப்பட்டது என்று சேர்ந்தவர்களும் இருக்கலாம். சொல்வதற்கில்லை.

நமக்கு, அதாவது ஆபீஸ்காரர்களுக்கு, இது அந்நியமே இல்லை. லீவு லெட்டர் ஃபார்மட், வவுச்சர், ஏற்கெனவே ஃபார்முலா போட்டு வைத்த எக்செல் ஷீட் எல்லாம் ஜிக்தான். புதுசாக வந்த பையன்கூட கட்டங்களை நிரப்பினால் பாலன்ஸ் ஷீட் வந்து விழும். அந்தக் கட்டங்களை முதலில் போட்டவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

* * *

ஃபுல்லர்ட்டனில் பெரிய பட்டறை, பெரிய மெஷின். அதெல்லாம் இல்லாத இடத்தில் இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்று நான் பார்த்தது கும்மிடிப்பூண்டி பக்கத்தில்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போய் தமிழ்நாடு முடிகிற ஓரத்தில் இறக்கிவிடும். சிப்காட் வளாகம், எஃகு உருட்டும் ஆலைகள், ஜி.என்.டி. ரோட்டில் வரிசையாக லாரிகள். இவற்றுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதன் சொந்தக்காரர் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். வெளியே வந்து சொந்தமாக ஜாப் ஒர்க் செய்கிறார். ஊரே அவரை மேஸ்திரி என்கிறது. நான் அண்ணே என்பேன்.

சென்னையில் ஒரு வாத்தியக் கடைக்காரர் இவரிடம் கிடார் உடம்பு பத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மாடலுக்கு ஒரு கிடாரும் தந்திருந்தார். மேஸ்திரி அதைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு கிடார் தெரியுமா?"

"எந்தப் பக்கம் மேலன்னுகூட காலைலதான் தம்பி கேட்டுக்கினேன்."

எனக்கு லியோ ஃபெண்டர் ஞாபகம் வந்தார்.

மரம் மகோகனி. ஒரு உடம்புக்குப் பலகை மட்டுமே மூவாயிரத்துக்கு மேல் என்றார். கனம் சுமார் 44 மி.மீ. அதில் முக்கியமான பள்ளம், கழுத்து வந்து உட்காரும் குழி. அகலம் 56 மி.மீ., ஆழம் சுமார் 16. இது ஒரு அரை மில்லிமீட்டர் லூசாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். மேஸ்திரி சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டார். குழியின் நீளம் ஏறக்குறைய 76 மி.மீ. கழுத்தின் அடியிலிருந்து நுனி வரை சுமார் 460. குழிக்குள் கழுத்து அரை மில்லி சாய்ந்தால் நுனியில் அது 3 மில்லி சாய்வு. கடைசித் தந்தி கழுத்தைவிட்டு வெளியே விழப் பார்க்கும்.

"கல்யாணத்துல பொண்ணு வீட்ல சின்னதா ஒரு வார்த்தை தப்பா வுட்டா, மாப்ள வீட்டுக்குப் போய்ச் சேர சொல்ல அது எவ்ளோ பெருசாவுது? அந்த மாதிரி" என்றார்.

இந்தக் குழியைத் தோண்டுவது ரூட்டர். கையில் பிடிக்கிற மெஷின்தான். ஆனால் அதன் பிட் நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். வெறும் கையால் பென்சில் கோட்டைப் பார்த்து ஓட்டினால், அது கோட்டைப் பார்க்காது, மரத்தின் ரேகையைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஒரு பலகையில் ஜன்னல் மாதிரி ஓட்டை வெட்டி, அதை உடம்பின் மேல் வைத்து, ரூட்டரை அந்த ஜன்னலுக்குள்ளேயே ஓட விடுவார்கள். ரூட்டரின் அடியில் ஒரு வளையம் இருக்கும். கைட் புஷ் என்று பெயர். அது ஜன்னல் ஓரத்தை உரசிக்கொண்டே போகும். பிட் உள்ளே வெட்டிக்கொண்டே போகும்.

இங்கேதான் கணக்கு. வளையத்தின் வெளி விட்டம் 16 மி.மீ., பிட் 12 மி.மீ. என்றால், பிட் ஜன்னல் ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளித்தான் வெட்டும். ஆக, 56 மி.மீ. குழி வேண்டுமென்றால் ஜன்னல் 60 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். பக்கத்துக்கு 2. டி.டி.எஸ். பிடித்தம் போக கையில் வருகிற சம்பளம் மாதிரி. எவ்வளவு வர வேண்டுமோ அதற்கு மேலே போட்டுக் கேட்க வேண்டும்.

ஜன்னலை எப்படி வெட்டினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. நடுவில் ஓட்டை போட்டு அறுக்கவே இல்லை. நாலு துண்டு எம்.டி.எஃப். பட்டைகளை எடுத்தார். மாடல் கிடாரின் கழுத்தையே படுக்க வைத்து, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகளை நெருக்கினார். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே சன்மைகா துண்டுகளைச் சொருகி 2 மில்லி இடைவெளி வைத்தார். கொஞ்சம் தூக்கலாக இருந்த இடத்தில் என் விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கி வைத்தார். அப்படியே மேலே குறுக்குப் பட்டைகளைப் போட்டு ஒட்டி ஸ்க்ரூ அடித்தார். கழுத்தை உருவினால் ஜன்னல் ரெடி. ஸ்கேல் வைத்து அளக்கவே இல்லை. கழுத்து எந்த அளவோ, குழி அந்த அளவு. என் விசிட்டிங் கார்டு ஒரு உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜிக்கை உடம்பில் ஆணி அடித்துப் பிடிக்க முடியாது, தடம் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. உடம்பில் ஒரு பட்டை மாஸ்கிங் டேப், ஜிக்கின் அடியில் ஒரு பட்டை மாஸ்கிங் டேப். இரண்டு டேப்புக்கும் நடுவில் நாலு சொட்டு ஃபெவிக்விக். வேலை முடிந்ததும் உரித்து எடுத்தால் மரத்தில் ஒரு கறை கிடையாது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் சுவடு தெரியாமல் விலகிவிடும் நல்ல தரகர்.

* * *

அடுத்தது துளை. டெலிகாஸ்டர் வகையில் தந்திகள் முதுகுப் பக்கமிருந்து உடம்பைத் துளைத்துக்கொண்டு முன்னால் வரும். ஆறு தந்திக்கு ஆறு துளை. முதல் துளையிலிருந்து ஆறாவதுவரை 54 மி.மீ. முன்பக்கம் எல்லாரும் ஒழுங்காகப் போட்டுவிடுவார்கள். 44 மி.மீ. மரத்துக்குள் டிரில் பிட் போகப் போக ரேகைக்குத் தகுந்தபடி வளையும். முதுகில் வெளியே வரும்போது ஆறு துளையும் ரேஷன் கடைக் க்யூ மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பளபளவென்று ஆறு உலோகக் குமிழ் மாட்ட வேண்டும் என்பதால் கோணல் கண்ணில் குத்தும்.

மேஸ்திரி செய்தது இது. பில்லர் டிரில்லிங் மெஷினின் மேடையில் ஒரு தடிப் பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கினார். 3 மில்லி பிட்டால் அந்தப் பலகையிலேயே ஒரு துளை. பிறகு பலகையை அசைக்காமல் அந்தத் துளையில் 3 மில்லி பின் ஒன்றைச் சொருகினார். உடைந்துபோன பழைய டிரில் பிட்டின் அடிக்கட்டைதான் பின். பலகைக்கு மேல் ஒரு நாலு மில்லி நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். மேலே டிரில் நுனி, அதற்கு நேர் கீழே பின். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில்.

ஏற்கெனவே கிடாரின் முன்பக்கத்தில் ஆறு துளையும் பாதி ஆழம்வரை போட்டாயிற்று. உடம்பைக் குப்புறக் கவிழ்த்து, முதல் துளையைப் பின்னில் உட்கார வைத்து, முதுகிலிருந்து டிரில்லை இறக்கினால், பாதி வழியில் இரண்டு துளையும் சந்தித்துக்கொள்ளும். அடுத்த துளை, அடுத்த பின், அடுத்த இறக்கம். மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறவர்கள் இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் கைகுலுக்குவார்களே, அது மாதிரி. முதுகில் ஆறு துளையும் ராணுவ அணிவகுப்பு போல நின்றது. செலவு? ஒரு உடைந்த பிட்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு கோடு. உடம்பின் நடுவே தலையிலிருந்து கால்வரை ஒரு நடுக்கோடு. எல்லா அளவும் அதிலிருந்துதான். ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது, ஓரம் என்பது உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க மாறும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கும் அளக்கக் கூடாது. முதலில் கால் மில்லி பிசகினால் ஆறாவதில் அது எங்கேயோ போய் நிற்கும். போன மாசத்து தப்பான க்ளோசிங் பாலன்ஸை இந்த மாசத்து ஓப்பனிங் பாலன்ஸாக எடுத்தவர்களுக்கு இது புரியும்.

* * *

சரி, பத்து கிடாருக்கு இவ்வளவு ஜிக் தேவையா? என் படிப்பு சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். ஜிக் செய்ய இரண்டு நாள், அதாவது 16 மணி நேரம். ஜிக் இல்லாமல் ஒரு உடம்புக்குப் பள்ளம், துளை எல்லாம் 4 மணி. ஜிக் இருந்தால் ஒரு மணி. ஒரு கிடாருக்கு மிச்சம் 3 மணி. பதினாறை மூன்றால் வகுத்தால் ஐந்தே சொச்சம். ஆக, ஆறாவது கிடாரில் லாபம் ஆரம்பம். இதற்கு பிரேக்-ஈவன் பாயிண்ட் என்று பெயர் என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கணக்கு சரிதான் தம்பி. ஆனா ஒரே ஒரு கிடார்னாலும் நான் ஜிக் போட்டுத்தான் செய்வேன். நோட்டுல தப்பா எழுனா அடிச்சிட்டு எழுதுவ. மரத்துல எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. தப்பு பண்றதா இருந்தா ஜிக்குல பண்ணு. அது பழைய பலகை."

ஒரே ஒரு கிடார் செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையனும் அவன் அப்பா ஹெரால்டும் 1963-ல் ஆரம்பித்து இரண்டு வருஷம் போல உட்கார்ந்து ஒரு கிடார் செய்தார்கள். கழுத்துக்கு ஒரு பழைய கணப்பு மேடையின் மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சி. தந்தியை ஆட்டி ஓசையை நெளிக்கும் அமைப்புக்கு ஒரு பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. பையன் பிற்பாடு 'குவீன்' குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவன் ஆனான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று அதே கிடாரைத்தான் வாசித்தான். அங்கே நேரத்துக்குக் கணக்கில்லை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அது பொழுது. மேஸ்திரிக்கு இது பிழைப்பு. பொழுதுக்கு பிரேக்-ஈவன் கிடையாது.

* * *

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதையெல்லாம் முயற்சி செய்யப் போகும் இளைஞர்களுக்கு மேஸ்திரி சொல்லச் சொன்ன நாலு விஷயங்கள்.

ஒன்று, பள்ளத்தை ஒரே மூச்சில் தோண்டாதே. முதலில் டிரில்லால் பெரும்பாலான மரத்தை எடுத்துவிட்டு, ரூட்டரை ஒரு தடவைக்கு மூன்று நாலு மில்லிக்கு மேல் இறக்காமல் படிப்படியாகப் போ.

இரண்டு, திசை. மேலேயிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போலச் சுற்றுகிறது. அதனால் பள்ளத்துக்குள் ரூட்டரையும் கடிகார முள் போலவே நகர்த்து. உடம்பின் வெளி ஓரத்தில் போகும்போது அதற்கு எதிர்த்திசை. மாற்றினால் ரூட்டர் உன்னை இழுத்துக்கொண்டு ஓடும்.

மூன்று, கரண்ட் போனால் முதல் வேலையாக ஸ்விட்சை அணை. ஆன் ஆகவே இருக்கிற ரூட்டர், கரண்ட் திரும்பி வரும்போது மேஜையிலிருந்து துள்ளிக் குதிக்கும். அது குதிக்கிற திசையில் உன் மடி இருக்கலாம்.

நான்கு, ஜிக்கில் கைப்பிடி வை. கை எங்கே இருக்க வேண்டும் என்று ஜிக்கே சொல்ல வேண்டும். இதைச் சொல்லிவிட்டு மேஸ்திரி தன் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தார். ஆள்காட்டி விரலில் நகம் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. பழைய தொழிற்சாலையில் நடந்ததாம். "அந்த மெசினுக்கு ஜிக் இல்ல. அடுத்த வாரம் நானே பண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறம் அங்க யாருக்கும் விரல் போவல."

நல்ல ஜிக்கின் முதல் லட்சணம் அளவு தப்பாமல் இருப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அளவு இரண்டாவது.

* * *

எல்லா வாத்தியத்துக்கும் ஜிக் ஒத்துவருமா? வராது. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து செய்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வாத்தியம். அதில் 24 மெட்டுகள். கிடாரில் மெட்டு இருக்குமிடம் கணக்கு. தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. ரம்பத்தால் ஒரு தடவை அறுத்தால் அறுத்ததுதான். வீணையில் மெட்டுகள் கரித்தூள் கலந்த மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். மெழுகை இளக்கி, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, இப்படி ஒரு இழை, அப்படி ஒரு இழை நகர்த்தி நிறுத்துவார்கள். அங்கே ஜிக் என்பது அந்த மனிதரின் காது. அதைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்க முடியாது. அவரோடு வந்தது, அவரோடு போகும்.

கழற்றிக் கொடுக்க முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே கும்மிடிப்பூண்டி லைனில் ஒரு கதை இருக்கிறது. திருவொற்றியூர். தியாகராஜ சுவாமிகளின் சிஷ்யர் வீணை குப்பையரின் ஊர். அதே ஊரில்தான் புல்லட்டும் வளர்ந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும், இங்கே மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். 1957-ல் அந்த பாகங்களைச் செய்யும் டூலிங்கையே, அதாவது டை, ஜிக், ஃபிக்சர் வகையறாவை, நம்மவர்கள் வாங்கினார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் டபடப சத்தம் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று. பிறந்த ஊரில் தொழில் செத்து, ஜிக் போன ஊரில் பிழைத்தது.

* * *

மேஸ்திரியின் ஷெட்டில் ஒரு பையன் இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்து எட்டு மாசம். பத்து உடம்பில் கடைசி ஆறை அவன்தான் முடித்தான். எதிலும் பிசகு இல்லை. ஜிக் அப்படி.

அப்போதுதான் எனக்கு ஒரு விபரீதக் கேள்வி தோன்றிற்று. ஆபீஸ்காரன் புத்தி. "அண்ணே, ஜிக் இருந்தா எட்டு மாசப் பையன் இருபது வருஷத்து வேலையைச் செஞ்சிடறான். அப்ப இருபது வருஷத்துக்கு என்ன மரியாதை? எந்த முதலாளியும் ஜிக்கை வச்சுக்கிட்டு ஆளை அனுப்பிடுவானே?"

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அனுப்புனாங்களே" என்றார்.

டூல்ரூமில் அவர் செய்த ஜிக்குகள் எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. ஒவ்வொன்றும் எத்தனை காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலையைச் சுலபமாக்கியது என்பதற்கும் கணக்கில்லை. சுலபமான வேலைக்குச் சம்பளம் குறைவு என்பது மட்டும் கணக்கில் இருந்தது. கடைசியில், 'எல்லாத்துக்கும்தான் ஜிக் இருக்கே, உங்களுக்கு இனிமே என்ன வேலை?' என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டவர் உட்கார்ந்த நாற்காலிக்கும் ஒரு ஃபிக்சர் இருந்தது, அதை வெல்டிங் செய்யும்போது பிடித்துக்கொள்ள. அதைச் செய்ததும் இவர்தானாம்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் மெஷின் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பார்கள். பெரிய கம்பெனிகளில் கிடார் உடம்பை சி.என்.சி. மெஷின்தான் குடைகிறது. ஜன்னல் வெட்டிய பலகை இப்போது புரோகிராமாக இருக்கிறது. அங்கேயும் மரத்தை அசையாமல் பிடிக்க ஃபிக்சர் வேண்டும். நடுக்கோடு எது என்று ஒருத்தன் சொல்ல வேண்டும். யோசனையைக் கழற்றி வைக்கிற டப்பா மாறியிருக்கிறது. கழற்றிக் கொடுத்தவனின் பெயரை டப்பாமேல் எழுதும் வழக்கம் மட்டும் வரவில்லை.

மேஸ்திரி தன் ஷெட்டில் அதைக் கொண்டுவந்திருக்கிறார். சுவரில் வரிசையாக ஆணி அடித்து ஜிக்குகளை மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் எந்த வேலைக்கு, எந்தப் பக்கம் மேலே, பிட் எத்தனை மில்லி, புஷ் எத்தனை மில்லி, தேதி. கடைசி வரியில் செய்தவன் பெயர். முக்கால்வாசி மேஸ்திரியின் பெயர். ஓரத்தில் ஒன்றில் மட்டும் பையனின் பெயர். பிக்கப் என்கிற காந்தச் சுருள் உட்காரும் பள்ளத்துக்கான ஜிக் அது. மேஸ்திரி செய்ததைவிட ஒரு ஸ்க்ரூ குறைவாகப் பிடிக்கிறது, இரண்டு நிமிஷம் சீக்கிரம் மாட்டலாம். அதற்காக அந்த மாசம் அவனுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்ததாக மேஸ்திரி சொன்னார். பையன், "முந்நூறுண்ணா" என்று திருத்தினான். மேஸ்திரி ரூட்டரை ஆன் செய்துவிட்டதால் மேற்கொண்டு விவாதம் கேட்கவில்லை.

1950-களின் ஃபெண்டர் கிடார் உடம்புகளில், பெயிண்ட்டுக்கும் மூடித் தகட்டுக்கும் அடியில், சின்னச் சின்ன ஆணித் துளைகள் இருக்கும். பட்டறையில் பலகையை அச்சுப்பலகையோடு சேர்த்துப் பிடித்ததிலும், பெயிண்ட் காயும்போது தாங்கிப் பிடித்ததிலும் மிஞ்சிய தழும்புகள். இன்றைக்கு அந்தக் கிடார்கள் லட்சக்கணக்கில் விலை போகின்றன. வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றிவிட்டு முதலில் தேடுவது இந்தத் துளைகளைத்தான். இருந்தால் நம்பிக்கை. இல்லையென்றால் சந்தேகம்.

அடுத்த தடவை கம்பெனியில் யாராவது உங்களிடம் 'நீங்கள் போட்ட அந்த எக்செல் ஃபார்மட்டைக் கொஞ்சம் அனுப்புங்களேன்' என்று கேட்டால், தாராளமாக அனுப்புங்கள். மூலையில் ஏதாவது ஒரு கட்டத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு.